பெரிய மாமனுக்கு வைக்காத வெற்றிலை

போன மாதம் எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவள் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். "ஒரு கிராமத்தில் ஒரு பெண் படிப்பை நிறுத்திவிட்டாள். நீங்கள் போனால் முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?" என்று வகுப்பு நடத்தியவர் கேட்டார். ஒரு பையன் தகப்பனை என்றான். ஒரு பெண் தாயை என்றாள். இன்னொருவர் பஞ்சாயத்துத் தலைவர் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். "தாய்மாமனை" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் சங்கத்தின் நடைமுறையே அதுதான். விளக்கிச் சொல்ல வகுப்பில் நேரமில்லை. அடுத்து ஒருவர் படம் காட்டக் காத்திருந்தார். "எழுதிக் கொடுங்களேன் டீச்சர்" என்றாள் ஒரு பெண். அவளுக்காக எழுதுகிறேன். படிப்பாளா என்பது வேறு விஷயம்.

நான் ராயப்பன்பட்டிக்காரி. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்பது அப்போதே அதிசயமில்லை. மதுரையில் கன்னியாஸ்திரீகளிடம் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தேன். இரண்டிலும் கணக்குப் பாடம்தான். அப்புறம் உத்தமபாளையத்தில் இந்தச் சங்கம் பெண்கள் விடுதி ஒன்று ஆரம்பிக்கப் போவதாகக் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அது.

சங்கத்தை ஆரம்பித்தவர்கள் உத்தமபாளையத்து வக்கீல்கள் சிலரும் கம்பத்து வியாபாரிகள் சிலரும். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க உத்தமபாளையம் வரவேண்டும். ஆண்பிள்ளைகள் நடந்தே வந்து போவார்கள். பெண்பிள்ளைகள் தங்குவதற்காக ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பலகை எழுதி மாட்டி, தலைவர் வக்கீல் நீளமாகப் பேசித் திறந்து வைத்தார். முதல் ஆறு மாதம் அந்த விடுதியில் நானும் சமையல் செய்யும் லூர்தம்மாளும் மட்டும்தான் இருந்தோம். ஒரு பிள்ளையும் வரவில்லை. லூர்தம்மாள் எனக்குச் சமைத்தாள். நான் அவளுக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தேன்.

பிள்ளைகள் வர ஆரம்பித்தது ஓவர்சியர் செயலாளரான பிறகுதான். அவருக்குப் பேர் இருந்தது. ஆனால் கூடலூர் முதல் சின்னமனூர் வரை எல்லாரும் ஓவர்சியர் என்றே சொல்வார்கள். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால்களில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த மடையில் யாருக்கு எப்போது முறை, எந்தக் குடும்பத்துக்கு எந்தக் குடும்பத்தோடு வரப்புத் தகராறு, எல்லாம் அவருக்குத் தெரியும். இதைவிட நல்ல படிப்பு நம் வேலைக்குக் கிடையாது என்று எனக்குப் புரியச் சில மாதம் ஆனது.

அவர் ஒரு வீட்டுக்குப் போகும் விதத்தைச் சொல்கிறேன். தெருவுக்குள் நுழையும்போதே குடையை மடக்கிவிடுவார், வெயில் எவ்வளவு அடித்தாலும். வாசலில் நிற்பார். வீட்டுப் பெண்பிள்ளை வந்து வாங்க என்று சொல்லும்வரை உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். பிறகு நடவு, நெல்லில் பூச்சி, மாட்டுக்குக் கோமாரி. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பிள்ளை எதிரில் வந்து நின்றாலும் கெட்டிக்காரி என்று புகழமாட்டார். கண் பட்டுவிட்டது என்று நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் பழி சங்கத்தின் தலையில் விழும். படித்தால் வேலை கிடைக்கும் என்றும் சொல்லமாட்டார். ஒரு தடவை நான் ஆர்வத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன். திரும்பி வரும் வழியில் சொன்னார்.

"அப்படிச் சொல்லாதீக டீச்சர். வேலை கிடைக்கலைன்னா நம்மளைத் தேடி வருவாக. கிடைச்சுட்டா நம்மளை மறந்துருவாக. ரெண்டுமே நமக்கு ஆகாது."

முதல் தடவை போவது முகம் காட்ட. இரண்டாவது தடவை தாயிடம் பேச. அந்தப் பேச்சு என் வேலை. "வேதத்துல சேர்த்துருவீகளா?" என்பதுதான் அநேகமாக முதல் கேள்வியாக இருக்கும்; நான் கிறிஸ்தவச்சி, பிள்ளையையும் மதம் மாற்றிவிடுவேனோ என்ற பயம். "எங்க சாமியாருக்கு இருக்குற பிள்ளைகளையே அடக்க முடியலை" என்று சொல்வேன். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது தடவைதான் முக்கியம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, ஓவர்சியர் தாய்மாமன் வீட்டுக்குப் போவார். ஒரு விசேஷத்துக்கு அழைக்கிற மாதிரி தட்டை நீட்டி, "உங்க மருமகளைப் படிக்க அனுப்பணும். நீங்கதான் முன்னால நிக்கணும்" என்பார்.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்ணுக்குக் காது குத்துவது மாமன் மடியில். அவள் வயதுக்கு வந்தால் பச்சைத் தென்னங்கீற்றில் குச்சு கட்டி உட்கார வைப்பது மாமன். கல்யாணத்தில் முதல் சீர் மாமனுடையது. அவனுக்கு ஒரு மகன் இருந்தால் அந்தப் பெண்ணைக் கேட்கிற முதல் உரிமையும் அவனுக்குத்தான். தகப்பன் சரி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பெண்ணை ஒரு நாள் மாமன் வந்து, "யாரைக் கேட்டு விட்டீக?" என்று கூட்டிக்கொண்டு போனால், தகப்பனால் ஒன்றும் செய்ய முடியாது. ஓவர்சியருக்கு முன்பு சங்கத்திலிருந்து போனவர்கள் தகப்பனிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு இதனால்தான் கோட்டைவிட்டார்கள்.

ஓவர்சியர் இன்னொன்றும் செய்தார். விடுதிக்கு வரும் பெண்ணின் தகரப் பெட்டியையும் பாவாடை சட்டையையும் மாமன்தான் வாங்கித் தரவேண்டும் என்று வைத்தார். தேனியில் பஞ்சு வியாபாரி ஒருவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெட்டி தருகிறேன் என்று வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். கமிட்டியில் பெரிய சண்டை. "ஏழைகளைச் செலவு செய்யச் சொல்லுவதுதான் தர்மமா?" என்று தலைவர் வக்கீல் மேஜையைத் தட்டினார்.

"சங்கம் குடுத்த பெட்டின்னா அது சங்கத்துப் பொண்ணு. மாமன் குடுத்த பெட்டின்னா அது மாமன் படிக்க வைக்கிற பொண்ணு" என்றார் ஓவர்சியர், குரலை உயர்த்தாமல்.

வக்கீலுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்தேன். சின்னமனூர்ப் பக்கத்து ஒரு தகப்பன் களையெடுப்புக்கு ஆளில்லை என்று மகளை நடுவில் கூட்டிப்போய்விட்டான். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே மாமன் அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டான். "நான் சீர் செஞ்சு அனுப்புன பொண்ணைக் களையெடுக்க விட்டா ஊர்ல என்னைய என்ன சொல்லுவாக?" என்று எங்களிடமே கோபித்துக்கொண்டான். படிப்பின் அருமை பற்றி அவனுக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. பெட்டி கொடுத்தவன், அவ்வளவுதான்.

இவ்வளவு கவனமான மனிதரும் ஒரு தடவை சறுக்கினார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அந்தச் சறுக்கலில் விழவிருந்தது அவர் அல்ல, அனுமந்தன்பட்டி ராமுத்தாய்.

ராமுத்தாய் ஆறாம் வகுப்பில் எங்கள் விடுதிக்கு வந்தவள். தகப்பன் குருசாமிக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. தாய்க்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு அண்ணன்மார். மூத்தவர் மாயாண்டி, குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி, அதாவது ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர். இளையவர் சுப்பையா, உள்ளூரிலேயே விவசாயம். சொத்துப் பிரித்தபோது கிணற்றில் தகராறாகி அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லை. நாங்கள் போனபோது குருசாமி, "பெரியவரு மலையோட போனவரு, ஊரையே எட்டிப் பாக்குறதில்ல. சின்ன மச்சானைக் கேட்டாப் போதும்" என்றார். ஓவர்சியர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சுப்பையாவிடம் வெற்றிலை வைத்தார். சுப்பையா சந்தோஷமாகப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். மூத்தவன் உயிரோடு இருக்கும்போது இளையவனுக்கு வெற்றிலை வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது.

ராமுத்தாய் படிப்பில் சுட்டி. கணக்கை வாயாலேயே போட்டுவிடுவாள். எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறினால் மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் வாங்கித் தருவதென்று கமிட்டியில் முடிவாகியிருந்தது. எங்கள் விடுதியிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் அந்தப் பரீட்சை வரை வந்ததில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். அரிசிக்கு வரிசையில் நின்றோம். அந்தக் கஞ்சியையும் குடித்துவிட்டு அவள் படித்தாள்.

பரீட்சைக்கு இன்னும் சில நாள்தான். ஒரு காலை லூர்தம்மாள் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ராமுத்தாய் வயதுக்கு வந்துவிட்டாள்.

அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு விடுதியில் ஒழுங்கு உண்டு. பின்கட்டில் ஒரு அறை. மாற்றுப் புடவை, தனித் தட்டு. ஊருக்குச் சொல்லி அனுப்பவேண்டும். மாமன் கூண்டு வண்டியில் வந்து கூட்டிப்போவார். குச்சில் பதினாறு நாள், பிறகு சடங்கு. அப்படிப் போனவர்களில் ஒருத்தியும் அதுவரை திரும்பி வரவில்லை. சாமான்களை எடுத்துப்போக அண்ணனோ தம்பியோ வருவான்.

அறைக்குள் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பூகோளப் புத்தகம் இருந்தது, திறக்கவில்லை.

"ஊருக்குச் சொல்லி விட்டுட்டீகளா டீச்சர்?"

"இன்னும் இல்லை."

"சொல்லாம இருக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"போனா வரமாட்டேன். உங்களுக்கே தெரியும்" என்றாள். அழவில்லை.

"பரீட்சை முடியுற வரைக்கும் நானும் நீங்களும் வாயைத் திறக்காட்டி யாருக்குத் தெரியப் போகுது?" என்று லூர்தம்மாள் கேட்டாள். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஓவர்சியரிடம் போய்ச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மறைச்சா இந்தப் பொண்ணு எழுதிரும். அதுக்கப்புறம் இந்த வாசலை ஒரு பொண்ணும் மிதிக்காது டீச்சர். இப்பவே ஆள் அனுப்புங்க."

அன்றைக்கே அனுமந்தன்பட்டிக்கு ஆள் போனது. குருசாமி முறைக்காகத் தோட்டத்துக்கும் ஒருவனை பஸ்ஸில் அனுப்பினாராம், பெரியவர் வரமாட்டார் என்ற நம்பிக்கையில். மறுநாள் காலை ஓவர்சியரும் நானும் குருசாமி வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் சுப்பையா தென்னங்கீற்று வெட்டிக்கொண்டு வந்து குவித்திருந்தார். பெண்கள் குலவை போடத் தயாராக நின்றார்கள். வண்டி பூட்டியாகிவிட்டது, பெண்ணைக் கூட்டிவரவேண்டியதுதான் பாக்கி.

அப்போது தெருவில் ஒருவர் வந்தார். மலைக் குளிருக்குப் போடுகிற கம்பளிக் கோட்டு, அந்த வெயிலில். யாரையும் பார்க்கவில்லை. நேராக முற்றத்துக்கு வந்து, குவித்திருந்த ஓலைமேல் காலை வைத்தார்.

"இதை யாரு வெட்டுனது?"

சுப்பையா அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த அம்மாள், ராமுத்தாயின் தாய், "அண்ணே, வாங்கண்ணே" என்று அழ ஆரம்பித்தாள். மாயாண்டி ஓவர்சியர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் ஓவர்சியரா? எம் மருமகளைப் படிக்க அனுப்ப வெத்தல வச்சீகளே, யாருக்கு வச்சீக?"

"சுப்பையாவுக்கு."

"மூத்தவன் செத்துப்போயிட்டான்னு யாரும் சொன்னாகளா?"

"இல்ல."

"மலைக்கு பஸ்ஸு ஓடலையா?"

"ஓடுச்சு. நான் வரல."

குருசாமி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சின்னவர் போதும் என்று சொன்னது அவர்தான். ஓவர்சியர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் அவரிடம் வேலை பார்த்த வருஷங்களில் அவர்மேல் எனக்கு அதிக மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

"தலைமடைக்காரனைக் கேக்காமக் கடைமடைக்குத் தண்ணியைத் தொறந்துட்டேன்" என்றார் ஓவர்சியர். "தப்பு என்னோடது."

"மூணு வருசமா குமுளிக் கடைத்தெருவுல போற வாரவனெல்லாம் என்னையக் கேக்குறான், ஏப்பா மாயாண்டி, உன் தம்பிதான் மருமகளைப் படிக்க வைக்கிறானாமேன்னு. நான் என்னத்தைச் சொல்ல?" அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பிறகு இறுகியது. "சரி. போனது போகட்டும். குச்சு எங் கையாலதான் கட்டணும். பதினாறாம் நாள் சடங்கு. அன்னைக்கே எம் மகனுக்குப் பூ வைக்கிறேன்."

பூ வைப்பது என்றால் பெண்ணை உறுதி செய்வது. பரீட்சை என்று நான் வாயெடுத்தேன்.

"பரீட்சை எங்கயும் ஓடிப் போயிறாது டீச்சரம்மா. அடுத்த வருசம் எழுதட்டும்" என்றார். அடுத்த வருஷம் அவள் இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ஓவர்சியர் பரீட்சையைப் பற்றிப் பேசவேயில்லை. "கட்டுங்க. உங்க உரிமை" என்று மட்டும் சொன்னார். மாயாண்டி கீழே கிடந்த ஓலையைப் பார்த்தார்.

"தம்பி வெட்டுன ஓலை கிடக்குற முத்தத்துல நான் குச்சு கட்டமாட்டேன்."

"ஓலையை அள்ளிப் போட்டுறலாம்ணே" என்றாள் தங்கை.

"அள்ளுனாலும் அவன் மொதல்ல போட்ட எடம்தானே."

ஓவர்சியர் மடக்கிய குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"விடுதி முத்தம் காலியாத்தான் கிடக்கு" என்றார். "பொண்ணும் அங்கனதான் இருக்கு. வழியில யார் கண்ணுலயும் படாது."

ஊரைவிட்டு விலகி, தம்பி நிழல் படாத இடத்தில், தன் கையால் மட்டும் ஒரு குச்சு. அது மாயாண்டிக்குப் பிடித்திருக்க வேண்டும். "தென்னை எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

அன்று மத்தியானமே விடுதிப் பின்முற்றத்தில் குச்சு எழுந்தது. தானே மரமேறிக் கீற்று வெட்டி, தானே பின்னி, தானே கட்டினார். ஆள் வேண்டுமா என்று கேட்டால் முறைத்தார். வாசலுக்குக் குறுக்கே உலக்கை, வேப்பிலை, எல்லாம் முறைப்படி. லூர்தம்மாள் பெண்ணை முக்காடு போட்டுக் கூட்டிவந்து உள்ளே விட்டாள். மாயாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு மேற்கூரையின் கடைசிக் கட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து முணுமுணுப்புக் கேட்டது.

"உள்ள என்ன சொல்லுது?"

"பாடம் படிக்கிறாள். நாளன்றைக்குப் பரீட்சை" என்றேன்.

அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். முணுமுணுப்பு நின்றது.

"மாமா." ஓலைக்குப் பின்னாலிருந்து ராமுத்தாய் பேசினாள். "என்னைய எழுத விடுங்க மாமா. எழுதிட்டு நீங்க சொன்னதைக் கேக்குறேன்."

"சொன்னதைக் கேப்பியா?"

"கேப்பேன்."

"என்னன்னு தெரியுமா, கேப்பேங்குற?"

"தெரியும்."

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. பரீட்சை அவளுக்கு மதுரைக்குப் போகும் வழி. அந்த வழியை விற்றுப் பரீட்சையை வாங்குகிறாள். விடுதிக்குள் போய்விட்டேன். ஓவர்சியரிடம் சொன்னபோது, "எழுதட்டும் டீச்சர். எழுதாததைவிட எழுதுறது மேல்" என்றார்.

மாயாண்டி எழுத விட்டார். சம்மதித்துவிட்டால் அரைகுறையாக எதையும் செய்கிறவரில்லை அவர். "ஆம்பளை கண்ணுல படக்கூடாது, அம்புட்டுத்தானே முறை? படாமக் கொண்டுபோறேன்" என்றார். கூண்டு வண்டிக்கு முன்னும் பின்னும் புடவை கட்டினார். பெண்ணின் கையில் ஒரு இரும்புத் துண்டு, தலைமாட்டில் வேப்பிலை. அவர் வண்டிக்கு முன்னால் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தெருவில் எதிர்ப்பட்ட ஆண்பிள்ளைகள் அந்த அரிவாளைப் பார்த்துத் தாங்களாகவே சந்துக்குள் ஒதுங்கினார்கள். நானும் லூர்தம்மாளும் வண்டிக்குப் பின்னால்.

பரீட்சைக் கூடத்தில் இன்னொரு வில்லங்கம். மேற்பார்வைக்கு வெளியூரிலிருந்து ஒரு வயதான தலைமையாசிரியர் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பெண்ணைத் தாழ்வாரத்தில் மறைவாக உட்கார வைக்கவேண்டும் என்று கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"தீட்டைப் பற்றி இதில் ஒன்றும் இல்லையம்மா. ஆனால் நம்பர் போட்ட பெஞ்சை நகர்த்தக்கூடாது என்று இருக்கிறது. எழுதுகிறவர் மேற்பார்வையாளர் பார்வையில் இருக்கவேண்டும் என்றும் இருக்கிறது."

நல்ல வேளை, அவள் நம்பர் கடைசி வரிசையில் கதவோரம் விழுந்திருந்தது. பெஞ்சைச் சுற்றி மூன்று பக்கம் புடவை கட்டினோம். எதிர்ப்பக்கம் திறந்திருந்தது, அங்கே தலைமையாசிரியர் நாற்காலி போட்டுக்கொண்டார். ஒரு ஆண் பார்க்கிறாரே என்று நான் மாயாண்டியைப் பார்த்தேன். அவர் தலைமையாசிரியரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவுக வயசுக்கு எனக்கே மாமன் முறை ஆகும். பாத்தாக் குத்தமில்ல" என்றார்.

பரீட்சை நடந்த அத்தனை நாளும் அப்படித்தான். பெண் உள்ளே எழுதினாள். மாயாண்டி பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். ஊர் அவரைப் பார்த்துக்கொண்டு போனது. "யாருக்குக் காவல் நிக்கிறீக?" என்று கேட்பவர்களுக்கெல்லாம், "எம் மருமக உள்ள பரீட்சை எழுதுது" என்று பதில் சொன்னார். முதல் நாள் அதை முனகலாகச் சொன்னார். கடைசி நாள் அவர் சொன்னது கூடத்துக்குள் இருந்த எனக்கே கேட்டது.

பரீட்சை முடிந்ததும் அவளை அனுமந்தன்பட்டிக்குக் கூட்டிப்போனார்கள். பதினாறாம் நாள் சடங்குக்கு எனக்கும் ஓவர்சியருக்கும் அழைப்பு வந்தது. போகாமல் இருக்க எனக்கு இஷ்டம். தோற்ற இடத்தில் போய் விருந்து சாப்பிட யாருக்குப் பிடிக்கும்? ஓவர்சியர்தான், "அழைச்ச எடத்துக்குப் போகணும்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

பந்தல் நிறையக் கூட்டம். தண்ணீர் ஊற்றி, பட்டுக் கட்டி, ராமுத்தாயை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். கழுத்து நிறைய மாலை. சடங்கு முடியும்வரை பெண் தலை குனிந்தே இருக்கவேண்டும். மாயாண்டி சீர்த்தட்டுகளோடு மேளம் முழங்க வந்தார். அவருக்குப் பின்னால் சுப்பையாவும் ஒரு தட்டோடு வந்தார்; அண்ணன் தடுக்கவில்லை. கடைசித் தட்டு மாயாண்டியின் மனைவி கையில் இருந்தது. அதில் பூ. பக்கத்தில் அவர்கள் மகன், புது வேட்டியில், வியர்த்து நின்றான். நல்ல பையன்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சீரெல்லாம் வைத்தானது. "பூவையும் வச்சுருங்க, நேரம் போகுது" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். மாயாண்டியின் மனைவி தட்டோடு முன்னால் வந்தாள்.

"அதைக் கொண்டுபோய் உள்ள வையி" என்றார் மாயாண்டி.

"என்ன சொல்றீக?"

"உள்ள வையின்னேன்."

பந்தலில் மேளம் நின்றது. அவர் மணைக்கு எதிரில் வந்து, பெண்ணைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இது என்கிட்ட ஒரு சொல்லு குடுத்துருக்கு. எழுதிட்டு நான் சொன்னதைக் கேக்குறேன்னு. எழுதிருச்சு. இப்பச் சொல்றேன். மதுரையில இன்னொரு படிப்பு இருக்காம். பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசல்ல வாத்தியாருககிட்டக் கேட்டேன், ரெண்டு வருசமாம். அதுக்குப் போகணும்."

"பரீட்சையில தேறலைன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தேறலைன்னா மறுபடி எழுதட்டும். வாசல்ல நிக்க நான் இருக்கேன்ல?"

"அப்ப எம் மகன்?" என்றாள் மனைவி. அவளுடைய கோபம் நியாயமானது. பல வருஷம் அவள் குருசாமி வீட்டுப் படி ஏறவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

"அவனுக்கென்ன, பொண்ணா கிடைக்காது" என்றார் மாயாண்டி. பிறகுதான் முதல்முறையாக மருமகள் பக்கம் திரும்பினார். "கேப்பேன்னு சொன்னேல்ல? போறியா?"

மணையில் இருக்கிற பெண் பேசக்கூடாது. ராமுத்தாய் பேசவில்லை. மாலைகளைக் கையால் விலக்கிக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில் தலையை நிமிர்த்தி அவரை நேராகப் பார்த்தாள். குனியச் சொல்லி யாரும் அதட்டவில்லை.